கைப்பிடி இல்லாத மாடிப்படி

மருந்துக்கடைக்காரர் வீட்டு முன்னறையில் கடைசி சுவிட்சைப் பொருத்தி முடித்த அன்று மதியம், ஐம்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அவருடைய அப்பா உள்ளறையிலிருந்து வந்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார், அணைத்தார். "ஒரு விரக்கடை கீழ வைடான்னு அன்னிக்கே சொன்னேன். அந்த எலெக்ட்ரீஷியன் எங்க கேட்டான்?" என்று சொல்லிவிட்டு, சாய்ந்த கால்களுள்ள பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் கேட்டார். மருந்துக்கடைக்காரர் அன்றைய பேப்பரைக் கொடுத்தார். அப்பா அதை முழுக்கப் படித்துவிட்டு, விலைவாசி கொஞ்சம் ஏறியிருப்பதாகச் சொன்னார்.

அந்த வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தவள் சுரண்டியம்மா. அறுபது வருஷத்துக்கு முந்தைய வீடுகள்தான் அவள் தொழில். வளைந்த பால்கனி, மொசைக் தரை, வெயிலைப் பொடிப்பொடியாக உள்ளே விடும் சிமெண்ட் ஜாலி, கறுப்பு உருண்டை சுவிட்ச், வால்வு ரேடியோ. இதையெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஓடு ஒட்டியும் பொய்க்கூரை போட்டும் மூடியிருப்பார்கள். அவள் மூடியதைத் திறப்பாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாகக் கதவுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் பிளேடால் சுவரைப் படிப்படியாகச் சுரண்டுவாள். மேல் பூச்சு வெள்ளை, அதற்கடியில் ரோஸ், அதற்கடியில் யாரோ ஒரு மருமகள் அடம்பிடித்து அடித்த ஊதா, எல்லாவற்றுக்கும் அடியில் வீடு கட்டிய அன்று அடித்த முதல் நிறம். அந்த நிறம் தெரிந்ததும் பிளேடைத் துடைத்துப் பையில் போடுவாள். பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் அவளுடைய அண்ணனுக்கே யோசித்தால்தான் வரும்.

மருந்துக்கடைக்காரரின் அப்பாவுக்குப் பிறகு ஊருக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு வீடு என்றைக்கோ ஒரு நாள் இருந்தபடியே அத்தனையும் அமைந்துவிட்டால், அன்றைக்கு அதில் குடியிருந்தவர்கள் அன்றைய வயதில் வந்துவிடுவார்கள். அங்கிருந்து ஒவ்வொரு நாளாக வாழ்வார்கள். கேட்டைத் தாண்ட மாட்டார்கள். தாண்டவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் வெளியாள் வைத்த ஒரே ஒரு பொருள் தப்பாக இருந்தாலும் வர மாட்டார்கள், வந்தவர்களும் இருக்க மாட்டார்கள். பாட்டு டீச்சர் வீட்டில் இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்த அவளுடைய மாமா, டீச்சரின் மகன் சமையலறையில் சீன பல்பு ஒன்றை மாட்டிய நொடியில், பாதி பல் தேய்த்தபடியே போய்விட்டார். பிரஷ் மட்டும் ஈரமாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு சுரண்டியம்மாவிடம் இரண்டு வகை ஆட்கள் வந்தார்கள். ஒரு வகை, வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்கள். இன்னொரு வகை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறவர்கள். "எல்லாம் அப்படியே பண்ணிடுங்க மேடம். ஸ்டோர் ரூம்ல மட்டும் ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் போட்டுடுங்க. எங்க மாமியாரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது." சுரண்டியம்மா போட்டுக் கொடுப்பாள். கை கூசும், ஆனாலும் போடுவாள்.

அவளுக்குத் தன் சொந்த வீட்டின் மேல் ஒரு கண் இருந்தது. அவள் பிறந்த வீடு. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா செத்துப்போனாள். காய்ச்சல் என்று அத்தை சொன்னாள். அப்பா கொஞ்ச நாளில் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளை அத்தையிடம் விட்டார். அதற்குப் பிறகு ஒரு வாடகை அறையில், அதிகம் பேசாமல், அடுத்த பதினெட்டு வருஷத்தைக் கழித்தார். அம்மாவின் முகம் சுரண்டியம்மாவுக்கு ஞாபகமில்லை. ஒரு போட்டோ உண்டு. அதிலும் அம்மா வெயிலுக்குக் கையைத் தூக்கியிருந்ததால் முகத்தில் பாதி நிழல். கல்யாணத்துக்கு நேரம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே ஐம்பத்தாறு வயதாகிவிட்ட சுரண்டியம்மா, ஊரார் வீட்டுக்கெல்லாம் அப்பன் ஆத்தாளை வரவழைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அந்த வீட்டுத் தெரு வழியாகச் சுற்றிப் போவாள். போர்டிகோவில் நிற்கும் யாருடைய காரையோ பார்த்துவிட்டுப் போவாள். இருபது வருஷம் போனாள். ஒரு நாள் கார் இல்லை. கேட்டில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது.

வாங்கினாள். வேலை பதினோரு மாதம் நடந்தது. தரையில் ஒட்டியிருந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, அடியிலிருந்த மொசைக்கை வெளியே எடுத்தாள். விரிசல்களுக்கு அதே கறுப்பு, அதே மஞ்சள் கல்சில்லு தேடிப் பிடித்து நிரப்பி, எங்கே விரிசல் இருந்தது என்று தனக்கே தெரியாத அளவுக்குத் தேய்த்தாள். முன்னறைச் சுவரில் ஏழு பூச்சுக்கு அடியில் இளம்பச்சை கிடைத்தது. எல்லாவற்றையும்விட அவளை மயக்கியது மாடிப்படிதான். சுவரிலிருந்து ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் கல்பலகைகள்; ஒரு நுனி சுவருக்குள், மறு நுனி காற்றில். அதன் அழகையெல்லாம் ஒரு இரும்புக் கைப்பிடிக் கம்பி கெடுத்துக்கொண்டிருந்தது. கம்பியின் கால் பதிந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தாள். இரும்புக்கு அடியில் மூன்று பூச்சு இருந்தது. அப்படியானால் வீடு கட்டி ஆறேழு வருஷம் கழித்துத்தான் கம்பி வந்திருக்கிறது. அசல் இல்லை. அவளே ஸ்பானரை எடுத்துக் கழற்றி, கம்பியைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டு, துளைகளை அடைத்து, தூர நின்று பார்த்தாள். படி அந்தரத்தில் மிதந்தது.

கடைசியாக வால்வு ரேடியோவை அலமாரியில் வைத்த நாளில், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெறப்போகும் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தாள். ரேடியோ சூடாகிக் கரகரத்தது. சமையலறையில் ஒரு பாத்திரம் உருண்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். இருபத்திரண்டு வயசு. வலது புருவத்தில் சின்னத் தழும்பு. போட்டோவில் நிழல் விழுந்திருந்த பக்கம். ஏழு மாத வயிறு.

சுரண்டியம்மா வாயைத் திறந்தாள். ஐம்பத்து மூன்று வருஷமாக யாரையும் கூப்பிடாத ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. அதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"வாங்கம்மா. பெயிண்ட் வேலை பாக்கி இருக்குன்னு அவரு சொன்னாரு. நீங்கதானா? உக்காருங்கம்மா, தண்ணி கொண்டாரேன்."

போய்விட்டாள். சுரண்டியம்மா அப்படியே நின்றாள். பக்கத்தில் கண்டக்டர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்.

"அந்த வயித்துல இருக்கிறது நான்தான்," என்றார் மெதுவாக.

"என்ன யாருன்னு கேக்கலயேண்ணா."

"எப்படிக் கேப்பா? நீ இன்னும் பொறக்கவே இல்லடி. புது வீடு வேணும் புது வீடு வேணும்னு ஒரு கீறல் விடாம தேச்ச இல்ல? புதுசாவே வந்துட்டா."

அது அவள் தொழிலில் வந்த தப்பு. வேறு யாராக இருந்தாலும் சாப்பாட்டு மேசையடியில் பிள்ளைகள் உண்டாக்கிய விரிசலையும், கதவில் குழந்தைக் கை பட்டுப்பட்டு மங்கிய பாலிஷையும் அப்படியே விட்டிருப்பார்கள். அவளோ, வீடு கட்டிய அன்று இருந்த வீட்டைத் தேடினாள். கட்டிய அன்று அவள் அதில் இல்லை.

கண்டக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் கண் மாடிப்படிக்குப் போயிருந்தது. தங்கையின் கையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"கம்பி எங்கடி?"

"அது பின்னாடி போட்டதுண்ணா. அசல் இல்ல."

"பின்னாடி போட்டதுதான். அவ விழுந்ததுக்குப் பின்னாடி போட்டது." அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. துணி காயப் போட்டுட்டு இறங்கினா. எனக்கு ஆறு வயசு. கீழ நின்னு பாத்துட்டிருந்தேன். மறுநாளே அப்பா கம்பி வாங்கிட்டு வந்து அவரே போட்டாரு. யாருக்குப் போட்டாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல."

கம்பியைத் திரும்ப மாட்டலாம். ஸ்பானர் பையிலேயே இருந்தது. ஆனால் மாட்டிய நொடியில் அந்தப் பெண் தண்ணீர்ச் செம்போடு போய்விடுவாள். மாட்டாவிட்டால் ஆறு வருஷம் இருப்பாள், பிறகு விழுவாள். உள்ளேயிருந்து, வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அம்மா யாரையோ கேட்கும் குரல் வந்தது. பதில் சொன்னது ஒரு ஆண் குரல். அதைத் தொடர்ந்து விசில். அப்பா விசிலடிப்பார் என்பது பிள்ளைகள் இருவருக்கும் அன்றுதான் தெரியும்.

அப்பாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தினமும் காலையில் ஆபீசுக்கு உடுத்திக்கொண்டு கேட் வரை வருவார். இன்று லீவு என்று ஞாபகம் வந்து, குஷியாகத் திரும்பிப் போவார். மாடிப்படி அவர் வரைந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் பார்த்து, மூன்று மேஸ்திரிகள் முடியாது என்று சொல்லி, நாலாவது ஆளை வைத்துக் கட்டியது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டுவார். பெயிண்ட் வேலையைச் சாக்கு வைத்துத் தினமும் வந்து, பிறகு மாடி அறைக்கே வாடகைக்கு வந்துவிட்ட சுரண்டியம்மா, நாலாவது நாளே பேச்சை எடுத்தாள்.

"சார், இதுக்கு ஒரு கைப்பிடி போட்டா நல்லது."

"என்னங்க நீங்களே இப்படிச் சொல்றீங்க? இதோட அழகே அது அந்தரத்துல நிக்கிறதுதான். கம்பியப் போட்டா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்."

அவள் ஒரு டஜன் வீடுகளில் கைப்பிடியைக் கழற்றச் சொல்லியிருக்கிறாள். எல்லோரிடமும் சொன்னது இதே வார்த்தைதான், ஆஸ்பத்திரி மாதிரி. மாடிக்குப் போனாள். சுவரோரமாகவே போனாள்.

வருஷங்கள் ஓடின. அண்ணன் பிறந்தான். கண்டக்டர் ஒரு ஸ்வெட்டரோடு பார்க்க வந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "உங்க சாடை அப்படியே இருக்குங்க, கண்டக்டரே!" என்று அம்மா சிரித்தாள். அப்பாவுக்கு அந்த வேடிக்கை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு மழைநாளில் சுரண்டியம்மா பிறந்தாள். அவளே ஸ்டவ் பற்றவைத்து, அவளே வெந்நீர் போட்டு, அவளையே துடைத்து அம்மாவிடம் கொடுத்தாள். "நீங்க இல்லன்னா நான் என்னம்மா பண்ணியிருப்பேன்" என்றாள் அம்மா. அம்மா அவளை 'அம்மா' என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் சுரண்டியம்மாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நின்று, பிறகு உட்காரும். ராத்திரி தொட்டிலில் குழந்தை அழுதால் மாடியில் அவளுக்கு விழிப்பு வரும். அம்மா எழுந்து போகிற காலடிச் சத்தம் கேட்கும். அழுகை நிற்கும். குழந்தையின் மேல் அவளுக்குப் பொறாமைதான். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

மற்றபடி அவள் சும்மா இருக்கவில்லை. துணி காயப் போடக் கொல்லையில் கொடி கட்டிக்கொள்ளச் சொன்னாள். மேலேதான் வெயில் என்று அம்மா மேலேயே போனாள். படியில் பார்த்துப் போகச் சொன்னாள், "கண்ண மூடிட்டே ஏறுவேன்மா, பாக்கறீங்களா?" என்று அம்மா நிஜமாகவே கண்ணை மூடி நாலு படி ஏறிக் காட்டினாள். சுரண்டியம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அப்பாவிடம் கெஞ்சினாள், சண்டை போட்டாள், கடைசியில் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்கம்மா, பெயிண்ட் வாசனை மண்டைக்கு ஏறியிருக்கும்" என்றார். ஒன்று மட்டும் அவள் மற்ற வீடுகளில் பார்த்து வைத்திருந்தாள்: வந்தவர்கள் தாங்களாகத் தங்கள் வீட்டில் ஆணி அடித்தால், அலமாரியை நகர்த்தினால் வீடு ஒன்றும் சொல்வதில்லை. அது அவர்கள் வீடு. கம்பியை அப்பா போட்டால் அம்மா இருப்பாள். அப்பா போட வேண்டும்.

ஆறு வருஷம் முடிந்துவிட்டது. கண்டக்டர் இப்போது தினமும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்பா வழக்கம்போல மாடிப்படியைப் புகழ ஆரம்பித்தார். கண்டக்டர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ல நின்னுட்டுக் கம்பியப் பிடிங்க, கம்பியப் பிடிங்கன்னு கத்தினவன் நான். பிடிக்கிறதுக்கே கம்பி இல்லாத படியில எப்படி ஏறுறாங்கன்னு ஒரு தடவ பாத்துடறேன்."

விறுவிறுவென்று ஏறினார். பாதிப் படியில் திரும்பி, கீழே வாய் பிளந்து நின்ற ஆறு வயது அண்ணனைப் பார்த்தார். "டேய், நீ உள்ள போ" என்றார். பையன் உள்ளே போகும் வரை காத்திருந்தார். பிறகு காற்றில் கால் வைத்தார்.

இடது கை இரண்டு இடத்தில் உடைந்தது. மொசைக் தரையில் ஒரு விரிசல் விழுந்தது. அம்மா ஓடி வந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ, வயசான மனுஷன்" என்று அழுதாள். கண்டக்டர் வலியில் கத்தவேண்டிய நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான், தங்கையிடம் சொன்னார்: "கை ஒண்ணும் பெரிசா வலிக்கலடி. அப்படியே கொஞ்ச நேரம் படுக்கலாம்னு பாத்தேன்."

அப்பா அன்று முழுக்கப் படியின் கீழேயே நின்றுகொண்டிருந்தார். விசில் இல்லை. மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் எதையோ தேடப் போனவர், செடிகளுக்குள் கிடந்த இரும்புக் கம்பியை இழுத்துக்கொண்டு வந்தார். துரு தட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்து, படியோடு வைத்துப் பார்த்தார். தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. "யார் அளவெடுத்தது இது?" என்று ஆச்சரியப்பட்டார். அளவெடுத்தது யாரென்று தெரிந்த சுரண்டியம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஸ்பானரைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் விரல் ஒரு ஆணியில் பட்டாலும் அது வெளியாள் வேலையாகிவிடும். அப்பா துளை போட்டார். போல்ட்டை ஒவ்வொன்றாக முடுக்கினார். கடைசி போல்ட்டை அவர் முடுக்கும்போது சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. ரேடியோவும் அதே சமயம் அடங்கியது. பாட்டு டீச்சர் வீட்டு ஈரப் பிரஷ் சுரண்டியம்மாவின் கண்முன் வந்து நின்றது.

"ஏங்க, தண்ணி நின்னு போச்சு. கரண்ட்டும் போச்சு போல இருக்கு," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"வந்துடும்," என்றார் அப்பா.

வந்துவிட்டது.

அம்மா விழவேண்டிய நாள் ஒரு வியாழக்கிழமை. கண்டக்டர் கட்டுக் கையோடு கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு வயது அண்ணனும் அங்கேயே நின்று பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அம்மா காலிக் கூடையோடு இறங்கினாள். மூன்றாவது படியில் ஈரக் கால் வழுக்கியது. கை தானாகப் போய்க் கம்பியைப் பிடித்தது. கூடை மட்டும் உருண்டு கீழே வந்தது. "சனியன், இந்தப் படி" என்றாள். மீதிப் படிகளையும் இறங்கி, கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சின்ன அண்ணன் பம்பரத்தை விட்டான். பெரிய அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அம்மா இல்லாமல் வளர்ந்த வருஷங்கள் அதனால் கழிந்துவிடவில்லை. அத்தை வீட்டு மூலை, அப்பாவின் வாடகை அறை, பாதி முகப் போட்டோ எல்லாம் சுரண்டியம்மாவுக்கு இருந்தபடியே இருந்தன. அந்தச் சின்னவளுக்கு மட்டும் அவை வராது. சின்னவளுக்கு நாலு வயதானது, ஐந்தானது. அம்மாவுக்கு முப்பது வயது தெரிய ஆரம்பித்தது. சுரண்டியம்மா புது வேலை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் சுவிட்ச் கேட்டு வந்தவர்களை வேறு ஆளிடம் அனுப்பினாள்.

ஒரு காலை, ஸ்கூலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அம்மா சின்னவளை முன்னறைத் தரையில் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் என்பது கேட் வரைதான். போய், லீவு என்று திரும்பி வரவேண்டியது. ஆனாலும் தினமும் தலை வாரித்தான் அனுப்புவாள். வலிக்குது என்று சின்னவள் கத்தினாள். ஆடாதடி என்று முதுகில் ஒன்று விழுந்தது. இரட்டைப் பின்னலை முடித்து அவளைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, மாடியிலிருந்து இறங்கி வந்த சுரண்டியம்மாவின் தலை அம்மாவின் கண்ணில் பட்டது.

"என்னம்மா இது, தலையா குருவிக் கூடா? வாங்க, இப்படி உக்காருங்க."

"பரவாயில்லம்மா, நானே..."

"உக்காருங்கன்னா."

சுரண்டியம்மா உட்கார்ந்தாள். தரை, சின்னவள் உட்கார்ந்திருந்த சூட்டில் இருந்தது. அம்மா எண்ணெய்க் கையால் அந்த நரைத்த முடியை அள்ளி, சிக்கை விரலால் பிரித்து, நெற்றியிலிருந்து சீப்பை இழுத்தாள். அறுபத்து நாலு வயதுத் தலை, தானாகப் பின்னால் சாய்ந்தது. அம்மாவின் கண் ஜன்னல் பக்கம் இருந்தது. கேட்டில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடாதடி," என்றாள், கைப்பழக்கத்தில்.

சொன்னது அவளுக்கே தெரியவில்லை. சீப்பில் சுற்றிக்கொண்ட முடியை எடுத்துச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வகிடு நேராக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தாள். சுரண்டியம்மா ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.